கணுக்காலிலும் பி.பி. பார்ப்பார்கள்!

"மார்க்கெட் வரைக்கும் போறதுக்குள்ள மூணு இடத்துல நின்னுடறார் டாக்டர். ஏன் நின்னீங்கன்னு கேட்டா, 'சும்மாதான், போஸ்டர் பார்த்தேன்'ங்கிறார். ஒருநாள் 'செருப்பு கடிக்குது'ங்கிறார். எனக்கென்னவோ சரியாப் படலை..."

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறாரா? அப்பா, மாமனார், அல்லது ஐம்பதைத் தாண்டிய கணவர்? அவர் நடக்கும்போது கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். குறிப்பிட்ட தூரம் வரை நன்றாகத்தான் நடப்பார். அதன் பிறகு கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். நிற்பார். இரண்டு மூன்று நிமிஷம் நின்றால் வலி போயே போய்விடும். திரும்ப நடப்பார். கிட்டத்தட்ட அதே தூரம் நடந்ததும் அதே வலி. ஜெர்மனியில் இந்த நோய்க்குப் பேச்சு வழக்கில் 'கடை ஜன்னல் நோய்' என்றே ஒரு பெயர் உண்டு. வலிக்கிறது என்று சொல்லக் கூச்சப்பட்டு, கடை ஜன்னலைப் பார்ப்பதுபோல நின்றுகொள்வார்களாம். மனிதர்கள் எங்கேயும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது!

நம் வீடுகளில் இதற்கு உடனே ஒரு தீர்ப்பு வந்துவிடும். "வயசாயிடுச்சு... வாயுதான்." ஒரு தைலம் வரும். அதுவும் கேட்காவிட்டால் சத்து மாத்திரை. இப்படியே ஒரு வருஷம் ஓடிவிடும். அதற்குள் உள்ளே காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் இன்னும் கொஞ்சம் அடைத்திருக்கும்.

விஷயம் என்னவென்றால், உட்கார்ந்திருக்கும்போது கால் தசைக்குக் கொஞ்சம் ரத்தம் போதும். நடக்கும்போது அதைப்போல் பல மடங்கு வேண்டும். குழாய் சுத்தமாக இருந்தால் தானாக விரிந்து கொடுத்துவிடும். உள்ளே கொழுப்பு படிந்து குறுகிப் போயிருந்தால் கேட்கிற அளவு கொடுக்க முடியாது. தசை பட்டினி கிடந்து வலியால் கத்துகிறது. நின்றுவிட்டால் தேவை குறைகிறது, வலியும் அடங்குகிறது. மாடி ஏறும்போது சிலருக்கு நெஞ்சு வலித்து, நின்றதும் சரியாகிறதே, அதே கதைதான். இங்கே நடப்பது காலில்.

இந்த வலியோடு டாக்டரிடம் போனால் புறங்காலிலும், உள்பக்கக் கணுக்கால் எலும்பின் பின்னாலும் விரலை வைத்து நாடி பார்ப்பார். பிறகு ஒரு சீட்டு எழுதித் தருவார்: 'இரண்டு கால்களுக்கும் ஆர்ட்டீரியல் டாப்ளர், ஏ.பி.ஐ.'

அந்தச் சீட்டைப் பார்த்ததும் வீட்டில் பீதி கிளம்பிவிடும். "ஆஞ்சியோ மாதிரி தொடையில ஓட்டை போடுவாங்களா?" "மயக்க மருந்து உண்டா?" "ஒரு நாள் தங்கணுமா?"

எதுவுமே இல்லை! ஊசி இல்லை, மருந்து ஏற்றுவது இல்லை, எக்ஸ்ரே கதிர் இல்லை. கைக்கு பி.பி. பார்க்கிற அதே பட்டையைக் கணுக்காலில் சுற்றி, அங்கே ரத்த அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். கணுக்கால் என்பதற்கு ஆங்கிலத்தில் ஆங்க்கிள், மேல்கைக்கு மருத்துவத்தில் பிராக்கியல். இரண்டையும் ஒப்பிடும் எண்தான் ஆங்க்கிள் பிராக்கியல் இண்டெக்ஸ். சுருக்கமாக ஏ.பி.ஐ. இது மட்டும் என்றால் கால் மணி நேரம், இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். கூடவே ரத்தக்குழாய் முழுவதையும் ஸ்கேன் செய்து பார்ப்பதென்றால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம்.

கிளம்புவதற்கு முன்...

சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு போக வேண்டுமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. காலுக்கு மட்டும் என்றால் தேவையில்லை. வயிற்றுக்குள் இருக்கும் பெரிய ரத்தக்குழாயையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தால் மட்டும், சில மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். சீட்டைக் காட்டி முதல்நாளே கேட்டுவிடுங்கள். வழக்கமான மாத்திரைகளை நிறுத்த வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் தாங்களாகவே மாத்திரையையோ சாப்பாட்டையோ தள்ளிப் போட்டுவிட்டுப் போய், ஸ்கேன் சென்டர் பெஞ்சில் மயங்கி உட்கார்ந்திருப்பது தேவையில்லாத தொல்லை.

காபி, சிகரெட், பீடி இவற்றைப் பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே தொடக்கூடாது. புகையிலை ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும், எண் தப்பாக வரும். 'டென்ஷனா இருக்கு, ஒண்ணே ஒண்ணு' என்று வாசலில் நின்று இழுத்துவிட்டு உள்ளே போவதில் அர்த்தமே இல்லை.

ஆண்கள் வேட்டியோ லுங்கியோ கட்டிக்கொண்டு போனால் வேலை சுலபம். பெண்கள் இறுக்கமான சுடிதார் பேன்ட்டைத் தவிர்க்கலாம். தொடை வரை பட்டை சுற்ற வேண்டியிருக்கும், ஸ்கேன் என்றால் இடுப்பு மடிப்பிலிருந்தே பார்ப்பார்கள். கூச்சமாக இருந்தால், பெண் டெக்னீஷியன் இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்பதில் தப்பே இல்லை. கொலுசைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். "மெட்டியைக் கழற்றணுமா?" என்று கலங்கும் அம்மாக்களுக்கு ஒரு செய்தி... விரல் பரிசோதனை பெரும்பாலும் கட்டைவிரலில்தான். மெட்டி பாட்டுக்கு அதன் விரலில் இருக்கட்டும்! தைலம், மஞ்சள் பற்று எதுவும் அன்றைக்குக் காலில் வேண்டாம்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்து அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தவர்கள், டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா போட்டவர்கள் உள்ளே போனதும் முதல் வேலையாக அதைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கையில் பட்டை சுற்றக்கூடாது. அதேபோல காலில் ஏற்கெனவே பைபாஸ் செய்திருந்தாலோ ஸ்டென்ட் வைத்திருந்தாலோ, திடீரென்று ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, கண்டிப்பாகச் சொல்லுங்கள். சிரையில் ரத்தக்கட்டி இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அந்தக் காலை அமுக்கவே கூடாது.

அறைக்குள்ளே என்ன நடக்கிறது?

முதலில் படுக்கச் சொல்வார்கள். உடனே ஆரம்பிக்க மாட்டார்கள். ஐந்து பத்து நிமிஷம் சும்மா படுத்திருக்க வேண்டும். "என்னப்பா, மறந்துட்டாங்களா?" என்று எழுந்து உட்கார்ந்துவிடாதீர்கள். நடந்து வந்த கால் ஓய்வு நிலைக்கு வந்தால்தான் எண் சரியாக இருக்கும். ஏ.சி. சில்லென்று இருந்தால் ஒரு போர்வை கேளுங்கள். குளிரிலும் ரத்தக்குழாய் சுருங்கும்.

பிறகு இரண்டு மேல்கைகளிலும், இரண்டு கணுக்கால்களுக்குச் சற்று மேலேயும் பட்டை. தோல் மேல் கொஞ்சம் ஜெல் தடவுவார்கள், ஐஸ் வைத்ததுபோல் இருக்கும். பேனா மாதிரி ஒரு கருவியை அதில் சாய்த்து வைத்ததும்... ஸ்பீக்கரில் உங்கள் ரத்தம் ஓடும் சத்தம்!

முதல் தடவை கேட்பவர்கள் மிரண்டு போவதுண்டு. இது எப்படி என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். லெவல் கிராஸிங்கில் நிற்கும்போது, ஹாரன் அடித்துக்கொண்டு ரயில் நம்மை நோக்கி வந்தால் சத்தம் கீச்சென்றும், கடந்து போனதும் சட்டென்று தணிந்தும் கேட்கிறதல்லவா? ஓடுகிற பொருளால் இப்படி மாற்றம் ஏற்படும் என்று 1842-ல் சொன்னவர் கிறிஸ்டியன் டாப்ளர் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி. மூன்று வருஷம் கழித்து ஹாலந்தில், ரயிலில் ஊதுகுழல்காரர்களை ஏற்றி ஊதச் சொல்லி, கீழே சங்கீதக் காதுள்ளவர்களை நிறுத்திக் கேட்க வைத்துச் சோதித்தே பார்த்துவிட்டார்கள்! உங்கள் காலில் ரயிலுக்குப் பதில் ரத்த அணுக்கள். பேனாக் கருவி அனுப்பும் கேளா ஒலி, ஓடும் அணுக்கள் மீது பட்டுத் திரும்பும்போது மாறி வருகிறது. அந்த மாற்றத்தை இயந்திரம் நமக்குக் கேட்கும் சத்தமாக்கித் தருகிறது.

நல்ல குழாய் என்றால் 'டுப்-ட-டப்' என்று துள்ளலாக, ஒரு துடிப்பிலேயே இரண்டு மூன்று தட்டு கேட்கும். மேலே எங்கோ அடைப்பு இருந்தால் துள்ளல் போய், 'உஷ்... உஷ்...' என்று ஒற்றைத் தட்டாக, சோம்பலாகக் கேட்கும். பக்கத்தில் இருக்கும் சிரையில் கருவி பட்டுவிட்டால் காற்று வீசுவதுபோல் 'ஹோ' என்ற சத்தம். அதைக் கேட்டு 'நமக்கு என்னமோ ஆயிடுச்சு' என்று பயப்பட வேண்டாம்.

இப்போது பட்டையில் காற்று ஏற்றுவார்கள். சத்தம் நின்றுவிடும். இன்னும் கொஞ்சம் ஏற்றி, மெதுவாக இறக்குவார்கள். எந்த இடத்தில் சத்தம் திரும்ப வருகிறதோ, அதுதான் அந்தக் காலின் அழுத்தம். இறுக்கும்போது ஒரு நிமிஷம் கடுகடுவென்று இருக்கும். காலில் புண் இருந்தால் சுற்றுவதற்கு முன்பே சொல்லுங்கள். மூடிவிட்டுச் சுற்றுவார்களா, அந்த இடத்தையே விட்டுவிடுவார்களா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

இப்போதெல்லாம் நான்கு பட்டைகளையும் ஒரே நேரத்தில் தானாகவே ஏற்றி இறக்கி, கணக்கும் போட்டுக் காகிதத்தில் அச்சடித்துத் தரும் இயந்திரங்கள் சர்க்கரை நோய் கிளினிக்குகளுக்கே வந்துவிட்டன. அதில் மலை மலையாகக் கோடு போட்ட வரைபடமும் இருக்கலாம். ஒவ்வொரு துடிப்புக்கும் கால் எவ்வளவு 'உப்புகிறது' என்பதன் படம் அது. மலை கூர்மையாக இருந்தால் நல்லது. மழுங்கி, மணல்மேடு மாதிரி இருந்தால் ரத்தம் குறைவு.

சில இடங்களில் தொடை, முழங்காலுக்குக் கீழே, கணுக்கால் என்று வரிசையாகப் பட்டை சுற்றுவார்கள். ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவில் அழுத்தம் 20, 30 என்று திடுமென இறங்கினால், அடைப்பு அந்த இடைவெளியில்தான் என்று பிடித்துவிடலாம். மேல்மாடிக் குழாயில் தண்ணீர் வருகிறது, கீழ்வீட்டில் வரவில்லை என்றால் பிளம்பர் எங்கே தேடுவாரோ, அதே வேலை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போமா?

ரொம்ப சுலபம். கணுக்காலின் மேல் அழுத்தத்தைக் கையின் மேல் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். இரண்டு கைகளில் எது அதிகமோ அதை எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு கணுக்காலிலும் இரண்டு இடத்தில் பார்ப்பார்கள், அதிலும் அதிகமானதை எடுத்துக்கொள்வது வழக்கம்.

ஒருவருக்குக் கையில் 140 என்று வைத்துக்கொள்வோம். இடது கணுக்காலில் 146. வகுத்தால் 1.04. பிரமாதம்! வலது கணுக்காலில் 98. வகுத்தால் 0.70. வலது காலுக்குப் போகும் வழியில் அடைப்பு இருக்கிறது.

1.0 முதல் 1.4 வரை இயல்பு. 0.91 முதல் 0.99 வரை எல்லைக்கோடு. 0.90 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால் ரத்தக்குழாய் நோய் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். 0.4-க்கும் கீழே போய்விட்டால் நிலைமை மோசம். புண் வந்தால் ஆறுவதே கஷ்டம் என்ற கட்டம்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டதும் வீட்டில் உள்ள எலெக்ட்ரானிக் பி.பி. மெஷினைக் கணுக்காலில் கட்டிப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். அது மேல்கைக்கென்று செய்யப்பட்டது. அதில் வரும் எண்ணை நம்பிப் பயப்படவும் முடியாது, நிம்மதியடையவும் முடியாது.

சர்க்கரை நோயாளிகளே, இங்கே நில்லுங்கள்!

ரிப்போர்ட்டில் 1.5 என்று வருகிறது. 'அப்பாவுக்கு நார்மலுக்கும் மேலேயே இருக்கு!' என்று மகன் சந்தோஷமாக வீட்டுக்குப் போன் போடுகிறார். ஸ்வீட் வாங்க வேண்டாம்! இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் சரி, இந்த இடத்தை மட்டும் மறக்காதீர்கள்.

பல வருஷம் சர்க்கரை இருந்தவர்களுக்கும், சிறுநீரகம் பழுதாகிப் பல நாள் ஆனவர்களுக்கும் கணுக்கால் ரத்தக்குழாயின் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து, ரப்பர் குழாய் மாதிரி இருக்க வேண்டியது இரும்புக் குழாய் மாதிரி ஆகிவிடும். பட்டை எவ்வளவு அமுக்கினாலும் குழாய் நசுங்காது. நசுங்காததால் அழுத்தம் ஏராளமாக இருப்பதுபோல் இயந்திரம் காட்டும். உண்மையில் உள்ளே ரத்தம் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டிருக்கலாம். 1.4-க்கு மேல் வரும் எண், 'நல்லது' என்ற அர்த்தமில்லை. 'இந்த முறையில் இவருக்கு அளக்க முடியாது' என்று அர்த்தம்.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. அடைப்பு எண்ணைக் கீழே இழுக்க, சுண்ணாம்பு மேலே தள்ள, இரண்டும் சேர்ந்து 1.1 என்று அப்பாவியாக ஒரு எண் வந்து நிற்கலாம். அதனால்தான் காலில் ஆறாத புண்ணோடு இருக்கும் சர்க்கரை நோயாளிக்கு ஏ.பி.ஐ. நார்மல் என்றால் அதோடு விடக்கூடாது.

என்ன வழி? கால் கட்டைவிரல்! அங்கே இருக்கும் சின்னஞ்சிறு குழாய்களில் இந்தச் சுண்ணாம்புத் தொல்லை குறைவு. மோதிரம் மாதிரி ஒரு குட்டிப் பட்டையைக் கட்டைவிரலில் மாட்டி, விரலின் அடிப்பக்கத்தில் ஒளியால் துடிப்பைப் பார்க்கும் சென்சாரை ஒட்டுவார்கள். 2020-ல் கொரோனா சமயத்தில் வீட்டுக்கு வீடு ஆக்ஸிமீட்டர் வாங்கி விரலில் மாட்டிக்கொண்டோமே, அதற்குத் தூரத்துச் சொந்தம். கட்டைவிரல் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்தால் 0.7-க்குக் குறையக்கூடாது. விரலின் அழுத்தமே 30-க்குக் கீழே போய்விட்டால் புண் தானாக ஆறும் என்று காத்திருப்பது ஆபத்து.

ஆகவே, "சார், இவருக்கு இருபது வருஷமா சுகர். கட்டைவிரல் பிரஷரும் பார்த்துடலாமா?" என்று நீங்களே கேட்கலாம். டாக்டர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, கால் நம்முடையது!

சர்க்கரைக்காரர்களுக்கு வலியே தெரியாமல் போகும் அபாயமும் உண்டு. நரம்பு மரத்துப்போனவர்களுக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுப்பதுகூடத் தெரியாது. வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றி வந்து, சாயந்திரம் பார்த்தால் பாதத்தில் கொப்புளம். ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் அந்தக் கொப்புளம் விரலில் போய் முடியும். அதனால் ஐம்பது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகள், புகைபிடிப்பவர்கள், அறுபத்தைந்தைத் தாண்டிய எல்லோரும் வலி இல்லாவிட்டாலும் ஒரு தடவை இந்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேட்பது நல்லது.

படுத்துப் பார்த்தால் நார்மல், நடந்தால் வலி!

இப்படியும் சிலருக்கு. ஓய்வில் 0.95, ஆனால் தெருக்கோடி வரை நடக்க முடியவில்லை. இவர்களை டிரெட்மில்லில் சில நிமிஷம் நடக்க விட்டு, வலி வந்ததும் படுக்கவைத்து உடனே மறுபடியும் அளப்பார்கள். ஆரோக்கியமான காலில் பெரிய மாற்றம் இருக்காது. அடைப்பு இருந்தால் கணுக்கால் எண் சரசரவென்று விழும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினால் சந்தேகம் ஊர்ஜிதம். இதய நோயாளிகள் தங்கள் இதயக் கதையைச் சொல்லாமல் அந்த டிரெட்மில்லில் ஏறக்கூடாது.

நடந்து பார்த்தும் எண் விழவில்லை என்றால்? அப்போது வலிக்குக் காரணம் முதுகாக இருக்கலாம். முதுகுத்தண்டில் நரம்பு நசுங்கினாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. ரத்தக்குழாய் வலிக்கு நின்றாலே போதும். முதுகு வலிக்கு உட்கார வேண்டும், அல்லது குனிய வேண்டும். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டி மேல் சாய்ந்து நடந்தால் 'அப்பாடா' என்று இருக்கிறதா? அநேகமாக முதுகுதான்.

சிவப்பு, நீலம்... பயம் வேண்டாம்

அடுத்த கட்டம் கலர் டாப்ளர் ஸ்கேன். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் பார்க்கும் அதே ஸ்கேன் முறைதான். இடுப்பு மடிப்பிலிருந்து பாதம் வரை கருவியை நகர்த்திக்கொண்டே போவார்கள். திரையில் சிவப்பும் நீலமும் ஓடும். "நீலம் கெட்ட ரத்தம்தானே?" என்று முன்பின் தெரியாதவர்கள் கண்கலங்கிவிடுகிறார்கள். அந்த நிறங்களுக்கும் நல்ல ரத்தம், கெட்ட ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. கருவியை நோக்கி வரும் ஓட்டத்துக்கு ஒரு நிறம், விலகிப் போகும் ஓட்டத்துக்கு ஒரு நிறம். கருவியைத் திருப்பிப் பிடித்தால் நிறமும் மாறிப்போகும்!

குழாய் குறுகிய இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும். தோட்டத்து ஹோஸ் பைப்பின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறுகிறதே, அப்படி. அந்த வேகத்தை அளந்தே அடைப்பு பாதியா, முக்காலா என்று சொல்லிவிடுகிறார்கள்.

சீட்டில் 'வீனஸ் டாப்ளர்' என்று இருந்தால் அது வேறு பரிசோதனை. அதில் பார்ப்பது ரத்தம் மேலே திரும்பும் சிரைகளை. கெண்டைக்காலை அழுத்திப் பார்ப்பார்கள், நின்றுகொண்டிருக்கச் சொல்லியும் பார்ப்பார்கள். நரம்பு சுருட்டல் என்று நாம் சொல்லும் வெரிகோஸ் வெயினுக்கும், சிரையில் ரத்தக்கட்டி இருக்கிறதா என்பதற்கும் அதுதான். ஸ்கேன் சென்டரில் பணம் கட்டுமுன் ஆர்ட்டீரியலா, வீனஸா என்று ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். இரண்டு பெயரிலும் 'டாப்ளர்' இருப்பதால் கவுன்டரில் மாறிப்போக வாய்ப்பு உண்டு.

இதோடு ஒட்டிய எச்சரிக்கை ஒன்று. வெரிகோஸ் வெயினுக்கு இறுக்கமான நீள சாக்ஸ் போடுகிறார்கள் அல்லவா? பக்கத்து வீட்டுக்காரர் போட்டிருக்கிறாரே என்று நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். தமனியிலும் அடைப்பு இருப்பவருக்கு அந்த இறுக்கம் மிச்சமிருக்கும் ரத்தத்தையும் நிறுத்திவிடக்கூடும். காலில் புண் இருப்பவர்களுக்கு இறுக்கிக் கட்டுப் போடும் முன் ஏ.பி.ஐ. பார்ப்பது இதற்காகத்தான்.

கைகளுக்கும் இப்படிப் பார்ப்பதுண்டு. இரண்டு கை பி.பி.க்கும் இருபதுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, டயாலிசிஸுக்குக் கையில் ஃபிஸ்டுலா போடுவதற்கு முன்போ டாப்ளர் கேட்பார்கள். பீடி, சிகரெட் விடாத இளைஞர்களுக்கு வரும் பர்ஜர் நோயில் கை விரல்களும் கால் விரல்களும் கருகும். 1908-ல் இதை விவரித்த டாக்டரின் பெயரால் அழைக்கப்படும் இந்த நோய் நம் நாட்டில் அபூர்வம் இல்லை. புகையிலையை அடியோடு விடாமல் இதற்கு வேறு எந்தச் சிகிச்சையும் பலிக்காது.

எண் குறைவாக வந்துவிட்டது. அடுத்து?

"உடனே ஸ்டென்ட் வைக்கணுமா? கால் போயிடுமா?" இரண்டும் இல்லை. நடந்தால் மட்டும் வலி என்ற கட்டத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கத்தியே படாமல் காலம் ஓட்டிவிடலாம். புகையிலையை நிறுத்துவது, சர்க்கரை, பி.பி., கொழுப்பைக் கட்டுக்குள் வைப்பது, டாக்டர் எழுதித் தரும் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை, கொழுப்பு மாத்திரை. கூடவே ஒரு விசித்திரமான மருந்து... நடை!

வலிக்கிற காலை நடக்கச் சொல்கிறார்களே என்று பாட்டிகள் கோபப்படுவார்கள். ஆனால் இதுதான் உண்மை. வலி ஓரளவு வரும்வரை நடக்க வேண்டும், நிற்க வேண்டும், வலி போனதும் திரும்ப நடக்க வேண்டும். இப்படி ஒரு தடவைக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி, வாரத்துக்கு மூன்று நாளாவது, மூன்று மாதம். பலருக்கு வலியில்லாமல் நடக்கும் தூரம் நன்றாகக் கூடுகிறது. பாதத்தில் புண் இருப்பவர்களும் இதய நோயாளிகளும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

கால் வலி என்று போனவருக்கு இ.சி.ஜி., எக்கோ எழுதினால் 'பணம் பிடுங்கறாங்க' என்று முணுமுணுக்காதீர்கள். கால் குழாயில் கொழுப்பு படிந்தால் இதயக் குழாயிலும் மூளைக்குப் போகும் குழாயிலும் படிந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த நோய் உள்ளவர்களின் உயிருக்குப் பெரிய ஆபத்து வருவது மாரடைப்பிலிருந்தும் பக்கவாதத்திலிருந்தும்தான்.

படுத்திருக்கும்போதே பாதம் வலிக்கிறது, ராத்திரி கட்டிலிலிருந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டால்தான் தூக்கம் வருகிறது, விரல் கருக்கிறது, புண் இரண்டு வாரமாக ஆறவில்லை என்றால் அது அடுத்த கட்டம். அப்போது ரத்தக்குழாய் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். ஸ்டென்ட்டோ பைபாஸோ தேவையா என்று முடிவெடுக்கச் சாயம் செலுத்தி ஆஞ்சியோகிராம் எடுப்பது அந்தக் கட்டத்தில்தான். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது. விரலை எடுக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், "காலுக்கு ரத்தம் எவ்வளவு வருகிறது என்று பார்த்தாச்சா?" என்ற கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ரத்தம் வராத காலில் விரலை மட்டும் எடுத்தால் அந்த வெட்டும் ஆறாது. பிறகு பாதம், பிறகு முழங்கால்...

சீட்டுக்கும் ஸ்கேனுக்கும் காத்திருக்கக் கூடாத சமயம் ஒன்று இருக்கிறது. நன்றாக இருந்த கால் திடீரென்று கடுமையாக வலித்து, சில்லிட்டு, வெளுத்து, மரத்துப்போனால் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். சுமார் ஆறு மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்பாவிட்டால் தசை சாக ஆரம்பித்துவிடும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறேன், நீவி விடுகிறேன் என்று நேரத்தைக் கரைக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மற்றவர்களுக்கு அவசரமில்லை. முடிந்ததும் ஜெல்லைத் துடைத்துவிட்டு எழுந்து வீட்டுக்கு வந்துவிடலாம், ஆட்டோ பிடித்தோ பஸ்ஸிலோ, எப்படிப் போனீர்களோ அப்படியே. ரிப்போர்ட்டை மட்டும் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து அடுத்த தடவை போகும்போது இந்த எண் டாக்டருக்குத் தேவைப்படும். 0.82 இருந்தது 0.79 ஆனால் அளப்பதில் வரும் சின்ன வித்தியாசமாக இருக்கலாம். 0.15 அளவுக்கு இறங்கியிருந்தால் அடைப்பு வளர்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.